கள்ளும் உருளைக்கிழங்கும்: மதராஸ் ரொட்டி உப்பிய கதை

பாலைத் தயிராக்க ஒரு கரண்டி பழைய மோர் போதும். அதற்குப் பெயர் உறை. ரொட்டி மாவுக்கும் அப்படி ஓர் உறை வேண்டும். இன்று பேக்கரிக்காரர் ஒரு ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிடுகிறார். அந்தப் பாக்கெட் வருவதற்கு முன்னால் மதராஸ் மாகாணத்தில் ரொட்டியை உப்ப வைத்தது எது தெரியுமா? கள்!

ஐரோப்பாவில் ரொட்டி சுடுபவர்கள் பீர் வடிக்கும் இடத்தில் நுரையை வாங்கி மாவில் சேர்த்தார்கள். இந்தியாவுக்கு வந்த போர்த்துக்கீசியருக்கு அந்த வசதி இல்லை. கோவாவில் தென்னங்கள்ளை மாவில் ஊற்றிப் பார்த்தார்கள், ரொட்டி உப்பியது. இன்றைய பாவ் ரொட்டியின் ஆரம்பம் இதுதான். இதில் மாயம் ஒன்றும் இல்லை. பீர் நுரையிலும் கள்ளிலும் முக்கிய வேலை செய்வது ஒரே இன ஈஸ்ட். இலங்கையில் ஆப்ப மாவுக்குக் கள் சேர்த்ததும் இதே கணக்கில்தான்.

ஆனால் கள்ளுக்கு ஒரு குறை உண்டு. காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும், இன்னும் விட்டால் காடிதான். ரொட்டியிலும் அந்தப் புளிப்பு ஏறும். வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கடைத்தெரு ரொட்டி மீது எப்போதும் ஒரு சந்தேகம். மதராஸில் இருந்த கர்னல் கென்னி ஹெர்பர்ட் 1878-இல் எழுதிய சமையல் நூலில், பேக்கிங் பவுடர் போட்டு வீட்டிலேயே ரொட்டி சுடும் வழியைச் சொன்னார். வேறு சிலர் உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது சாதாரண வீட்டு வழக்கம்தான்.

செய்முறை எளிது. கிழங்கை வேகவைத்து மசித்து, வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் அதிலேயே சேர்த்து, கொஞ்சம் சர்க்கரையும் கோதுமை மாவும் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைக்க வேண்டும். ஓரிரு நாளில் குமிழி வரும். கிழங்கிலிருந்து ஈஸ்ட் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேகும்போதே அதில் இருந்த உயிர்கள் செத்துவிடும். ஈஸ்ட் பெரும்பாலும் கோதுமை மாவோடுதான் வருகிறது. கிழங்கு தருவது சாப்பாடு. வெந்த மாவுச்சத்தைக் கோதுமையின் நொதிகள் சுலபமாகச் சர்க்கரையாக உடைக்கின்றன, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. மதராஸ் வெயிலில் இந்த உறையும் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், பாக்டீரியாவை அடக்க பீரில் போடும் ஹாப்ஸ் பூவைச் சேர்ப்பார்கள். பூ கப்பலில் வர வேண்டும்! கிழங்குக்கு அந்தச் சிரமம் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களிலேயே நீலகிரியில் உருளைக்கிழங்கைப் பயிரிட ஆரம்பித்திருந்தார்.

இருந்தாலும் சாதாரண ரொட்டிக்காரருக்குக் கள்தான் மலிவு. ஒரு சட்டம் வந்து அதைத் தடுத்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது (வணிகவியல் மாணவர்கள் படித்துத் தலைவலிக்கும் வரியின் தாத்தா இவர்தான்). 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பதநீருக்குத் தடை இல்லையே, அதை ஊற்றலாமே என்று கேட்கலாம். பதநீர் புளிக்கக் கூடாது என்றுதானே பானைக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள்! ரொட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குடியைப் பற்றி எவ்வளவோ பேசியவர்கள் ரொட்டிக்காரனின் உறையைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. கள் போன இடத்துக்கு உருளைக்கிழங்கு திரும்பி வரவும் இல்லை. ஃபிளைஷ்மன் சகோதரர்கள் 1868-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் கட்டி ஈஸ்ட் தயாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்பெட்டி இல்லாமலே கெடாத உலர் ஈஸ்ட் ராணுவத்துக்காக வந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமானது அதுதான். அதன் பிறகு கிழங்கை மசிக்க யாருக்குப் பொறுமை?

1937-இல் அந்தச் சட்டம் முதலில் வந்த சேலம் மாவட்டத்தில்தான் கொல்லிமலையும் இருந்தது. அங்கே பெரக்கரை நாடு போன்ற மலை நாடுகளில் ரொட்டி அன்றாட உணவே அல்ல. கேழ்வரகும் சாமையும்தான். கேழ்வரகு மாவைக் கரைத்து, இரவெல்லாம் புளிக்கவிட்டு, காலையில் கூழ் காய்ச்சுவதற்குக் கள்ளும் வேண்டாம், கிழங்கும் வேண்டாம். மாவில் இருக்கும் நுண்ணுயிரே போதும். பின்னாளில் அந்த மலைக்கும் ஒரு கிழங்கு வந்து சாமை வயல்களைப் பிடித்துக்கொண்டது. அது உருளை இல்லை, மரவள்ளி. அது போனதும் ரொட்டிக்கு அல்ல, அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு.