வீட்டில் ஒளிப்பட அச்சு: மென்பொருள் அமைப்புகளும் தாள் புரொஃபைலும்

திரையில் தெரியும் நிறம் தாளில் எப்படி விழும் என்பதை வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் மூன்று தேர்வுகள் முடிவுசெய்கின்றன. ஒன்று, படத்தைத் திறக்கும் மென்பொருளின் வண்ண அமைப்பு. அடுத்தது, அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் மென்பொருளில் குறிக்கும் தாள் வகை. மூன்றாவது, அந்தத் தாளுக்கும் மைக்கும் உரிய புரொஃபைல். ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் எனப் பட்டுத்தறி ஓடும் வட்டாரத்தில் இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல. சேலையின் படத்தை வைத்து நிறம் பேசும் ஊர்களில், அரக்கு என்று காட்டிய படம் காவியாக விழுந்திருந்தால் சேலை கைக்கு வந்ததும் பேச்சு வேறாகிவிடும்.

தாளுக்குத் தக்கபடி அச்சிடுவது பழைய வழக்கம்தான். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற ஆலைகளின் தாள் புழங்கிய இருட்டறைக் காலத்தில், நெகட்டிவின் ஒளி-நிழல் வேறுபாட்டைப் பார்த்து மென்மையான தாளா, கடினமான தாளா என்று எண் சொல்லி எடுப்பார்கள். அன்று கைக்குத் தெரிந்த அந்தத் தேர்வு இன்று டிரைவரின் பட்டியலுக்குள் இருக்கிறது.

தாளும் மையும்

ஒரே சாயத்தில் தோய்த்தாலும் பட்டு நூலும் பருத்தி நூலும் ஒரே நிறம் ஆவதில்லை. மைக்கும் தாளுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. பளபளப்பான தாளின் மேற்பூச்சு மையை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் கறுப்பு ஆழமாகவும் நிறங்கள் செறிவாகவும் தெரியும். மேட் தாளில் ஒளி சிதறுவதால் கறுப்பு சற்றே சாம்பல் பூத்தது போல் இருக்கும். ஆனால் விளக்கொளி பட்டுக் கண்ணைக் கூசாது. கடைகளில் கிடைக்கும் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) தாள்களில் பல, சாதாரணத் தாளின் மேல் பளபளப்புப் பூசியவை. 260, 270 ஜிஎஸ்எம் அளவில் வருபவற்றில் பல, இருபுறமும் பாலித்தீன் படலம் உள்ள ஆர்சி வகை. மை அதிகம் இறங்கினாலும் இவை நெளிவதில்லை. எடையைப் பார்த்தே தாளை வாங்குகிறவர்கள் அதிகம். நிறத்தைத் தீர்மானிப்பது மேற்பூச்சுதான், எடை அல்ல.

டிரைவரில் தாள் வகையைக் குறிப்பது வெறும் பெயர் சொல்வது அல்ல. எவ்வளவு மை இறக்குவது, எந்தக் கறுப்பைப் பயன்படுத்துவது என்பதெல்லாம் அதையொட்டியே முடிவாகின்றன. கேனனின் ஜி2010 போன்ற நான்கு நிற அச்சுப்பொறிகளில் கறுப்பு மட்டும் நுண்துகள்களால் ஆன பிக்மெண்ட் மை, மற்ற மூன்றும் கரைந்த சாயமான டை மை. பளபளப்புத் தாளை வைத்துவிட்டுப் ‘பிளெய்ன் பேப்பர்’ என்று குறித்தால் அந்தப் பிக்மெண்ட் கறுப்பு தாளின் மேலேயே தங்கிவிடும், விரல் பட்டால் ஈஷும். ஒளிப்படத் தாள் என்று சரியாகக் குறித்தால் மூன்று நிறங்களையும் கலந்தே அச்சுப்பொறி கறுப்பை உண்டாக்கும். எப்சனின் எல்805, எல்8050 போன்றவை ஆறு மைகளும் டை வகையாக உள்ளவை. வெளிர் சயான், வெளிர் மெஜெண்டா ஆகிய கூடுதல் மைகள் இருப்பதால், முகத்தின் மென்மையான நிழல்களில் புள்ளிகள் தெரிவதில்லை.

புரொஃபைல்

அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993-இல் சேர்ந்து அமைத்த ஐசிசி என்னும் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு வகுத்த கோப்பு வடிவமே புரொஃபைல். குறிப்பிட்ட ஓர் அச்சுப்பொறி, குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள் மூன்றும் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் கிடைக்கும் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. மூன்றில் ஒன்று மாறினாலும் அட்டவணை பொய்யாகிவிடும். நிறுவன மைக்குப் பதில் வேறு மை ஊற்றிய தொட்டிக்குப் பழைய புரொஃபைல் பொருந்தாது.

தாள் தயாரிப்பாளர் தரும் புரொஃபைலே போதுமானதாக இருப்பது உண்டு. தராத தாள்களே சந்தையில் மிகுதி. அப்போது செய்யத்தக்கது, படத்தை எஸ்ஆர்ஜிபி என்னும் பொது வண்ண வெளியில் வைத்துக்கொண்டு, தாளுக்கு மிக நெருங்கிய வகையை டிரைவரில் குறித்து, நிறப் பொறுப்பை அச்சுப்பொறியிடமே விட்டுவிடுவது. சொந்தமாகப் புரொஃபைல் தயாரிக்கவும் வழி உண்டு. சில நூறு வண்ணக் கட்டங்களை எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, நிறமாலைமானியால் அளந்தால் ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் அட்டவணையைக் கணக்கிட்டுத் தரும். கருவிதான் விலை கூடியது.

புரொஃபைல் கையில் இருந்தும் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நிறத்தை இரண்டு இடத்தில் திருத்துவது. போட்டோஷாப்பில் ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று தேர்ந்து தாளின் புரொஃபைலைக் கொடுத்தால், எப்சன் டிரைவரில் ‘நோ கலர் அட்ஜஸ்ட்மெண்ட்’ என்று வைத்தாக வேண்டும். விட்டுவிட்டால் திருத்திய நிறத்தையே டிரைவர் மறுபடி திருத்தும். முகங்கள் செம்மையேறியோ பச்சை பாய்ந்தோ வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், மைத் தொட்டி அல்ல.

பட்டின் நிறங்கள்

அச்சுக்கு மிகக் கடினமான பொருள்களில் பட்டுச் சேலையும் ஒன்று. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, அன்றைய கணினித் திரைகளை ஒட்டி வகுக்கப்பட்டது. மயில்கழுத்து போன்ற நீலப்பச்சைப் பகுதியில் அது குறுகல். நல்ல பளபளப்புத் தாளில் சயான் மை அதைத் தாண்டியும் செல்லும். அதனால் சேலையைக் கேமராவின் பதப்படுத்தாத ரா வடிவில் எடுத்து, 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபியில் திருத்தி அச்சிடுவதில் பலன் உண்டு. எஸ்ஆர்ஜிபியில் எடுத்த கைப்பேசிப் படத்தைப் பிறகு அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றுவதால் போன நிறம் திரும்பாது.

அச்சுக்கு எட்டாத நிறத்தை என்ன செய்வது என்பதை ‘ரெண்டரிங் இண்டெண்ட்’ சொல்கிறது. ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ எட்டும் நிறங்களைத் தொடாமல் விட்டு, எட்டாதவற்றை விளிம்புக்கு இழுத்துவரும். முகங்களுக்கு இதுவே நல்லது. அடர்ந்த ராணி பிங்க் சேலைக்கு இதைக் கொடுத்தால், மடிப்பின் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் ஒரே நிறமாக ஒட்டிவிடும். ‘பர்செப்சுவல்’ எல்லா நிறங்களையும் விகிதப்படி சுருக்குவதால் செறிவு சற்றுக் குறைந்தாலும் மடிப்பு மிஞ்சும். பட்டுக்கு என் தேர்வு பர்செப்சுவல்தான்.

காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய எம்.எஸ். புளூ போன்ற அடர் நீலங்களில் வேறொரு சிக்கல். புரொஃபைல்கள் நிறத்தை மாற்றப் பயன்படுத்தும், 1976-இல் வகுக்கப்பட்ட சிஐஇ லேப் கணக்கில் நீலத்தின் செறிவைக் குறைத்தால் அது கத்தரிப்பூ நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் காட்சியில் முன்கூட்டியே பார்த்து, நீலத்தின் சாயலைச் சயான் பக்கம் சிறிது நகர்த்தினால் குறை தணியும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த சேலைக்கும் ஜரிகைக்கும் எந்தப் புரொஃபைலும் உதவாது. பார்க்கும் கோணத்தில் மாறுவதை மை மாற்றிக் காட்ட முடியாது. அங்கே வேலை படம் எடுக்கும்போதே முடிகிறது. பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் ஜரிகை பழுப்பாகப் படுத்துவிடாமல் எழும்பி நிற்கும்.

திரையும் காய்தலும்

அச்சு இருண்டு வருகிறது என்ற குறைக்குப் பெரும்பாலும் திரையின் வெளிச்சமே காரணம். அச்சு வேலைக்குத் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் வைப்பது வழக்கம். முழு வெளிச்சத்தில் வைத்த கைப்பேசி இதைப் பல மடங்கு மிஞ்சும். அளவைப் பொறுத்தவரை, 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 பிக்செல் இருந்தால் போதும்.

டை மை அச்சை ஒரு நாள் காயவிட்ட பின்பே நிறம் பார்க்க வேண்டும், ஆல்பத்தில் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இன்னும் நேரம் பிடிக்கும். சோதனை அச்சைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், சேலை விற்கும் இடத்தின் எல்இடி விளக்கில் ஒருமுறையும் சேலையோடு சேர்த்துப் பார்ப்பது அவசியம். சாயமும் மையும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது மற்றொன்றில் பிரிந்து தெரியும்.