வடசென்னைக் கரையோரத்தில் அச்சமும் உடலும்

துறைமுகத்தை ஒட்டிய இராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கரையோரத்து மக்கள் 1914, 1942, 2004 ஆகிய ஆண்டுகளில் கடலைக் கண்டு அஞ்சிக் கூட்டம் கூட்டமாக வீடுகளை விட்டு வெளியேறினர். முதலிரண்டு முறை எழுந்த பீதி தணிந்ததும் வாழ்க்கை பெரும்பாலும் பழைய தெருவிலேயே தொடர்ந்தது. மூன்றாம் முறை வீடும் தொழிலும் அண்டை அயலும் சேர்ந்தே மாறிப்போனதால், அச்சம் பலரின் உடலிலேயே தங்கிவிட்டது.

1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை நோக்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரைமணி நேரத்திற்குள் மறைந்தது. மறுநாள் முதலே குடும்பங்கள் இரயிலிலும் மாட்டுவண்டியிலும் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டு வீசியபோது அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் முன்னெச்சரிக்கையாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. வெளியேறியோரும் படிப்படியாகத் திரும்பினர்.

அச்சம் உடலில் காட்டும் குறிகளை மருத்துவம் தனித்து ஆராயத் தொடங்கியது 1914க்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான். கீழ்ப்பாக்கத்தில் மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்ட 1871ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்களிடம் கண்ட படபடப்பு, மார்புவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பலரின் இதயத்தில் அந்தத் துன்பத்துக்கு ஈடான பழுது எதுவும் தென்படவில்லை. 1915இல் வால்டர் கேனன் என்னும் உடலியலாளர், ஆபத்தை எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் முறையை விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்த சிறு சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்க, இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்கும் தோலுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுதலாகப் பாய்வதால் வயிறு கலங்கி, கைகள் சில்லிடுகின்றன. ஓடாமல் நின்ற இடத்திலேயே மூச்சு இரைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனிகளும் உதடும் மரத்து, தலை சுற்றுகிறது. எதிரே ஆபத்து இல்லாதபோதும் இவை சில நிமிடங்களில் திடீரென உச்சம் தொட்டு, உயிரே போய்விடும் என்னும் எண்ணத்தை எழுப்புவதைப் பீதித் தாக்கு என்பர். அது மீண்டும் மீண்டும் வருவதும், அடுத்தது எப்போது வருமோ என்ற கலக்கம் நீடிப்பதும் பீதிநோய். 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது தனி நோயாக இடம்பெற்றது.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை காலெல்லாம் வெலவெலன்னு வருது” என்று சொல்லும் மக்கள் இக்குறிகளை அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர். பயந்துபோன குழந்தையை மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் மசூதி வாசலுக்குத் தூக்கிச்சென்று, தொழுதுவிட்டு வருவோரிடம் ஓதி ஊதச் செய்யும் வழக்கம் மத வேறுபாடு பாராதது. அதை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது சரியன்று. அஞ்சியவரைத் தனித்து விடாமல், அச்சத்தை ஊரார் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகவும் அது இருந்தது.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை காசிமேட்டுப் படகுகளை நொறுக்கி, குப்பங்களுக்குள் புகுந்தது. நான்கே நாளில், டிசம்பர் 30 அன்று, மற்றோர் அலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் விடுத்த, பின்னர் ஆதாரமற்றதெனத் தெரிந்த எச்சரிக்கையால் கரையோரம் முழுவதும் மீண்டும் ஓடியது. 2005 மார்ச் 28 இரவு சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரங்களுக்கு வந்த பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தினர் உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளவியல் உதவிப் பயிற்சி அளித்தனர்; சென்னையின் ஸ்கார்ப் மனநல அமைப்பும் களத்தில் இறங்கியது. துயருற்றோர் பலர் மனத்தைப் பற்றிப் பேசவில்லை. தூக்கமின்மை, தலைவலி, நெஞ்சடைப்பு, உடல்வலி என்றே முறையிட்டனர்.

இத்துயர் நீடித்ததற்கு அலையை மட்டும் காரணமாக்க முடியாது. வடசென்னைக் குப்பத்தார் பலர் திருவொற்றியூர் கார்கில் நகரின் தாழ்நிலத்தில் எழுப்பப்பட்ட தற்காலிகக் கொட்டகைகளில் வெயிலையும் மழைநீரையும் தாங்கினர். பின்னர் ஒரு பகுதியினர் நகரின் மறுகோடியில் உள்ள ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கும், வேறு சிலர் எர்ணாவூர் அடுக்குக் குடியிருப்புகளுக்கும் மாற்றப்பட்டனர். விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போய்க் கூடையில் மீன் எடுத்து விற்ற பெண்ணுக்குத் துரைப்பாக்கத்து வீடு கூரையைத் தந்தாலும், ஏலத்தையும் வாடிக்கைத் தெருக்களையும், நடுநிசியில் நெஞ்சு அடித்துக்கொண்டால் கதவைத் தட்டிக் கூப்பிடக்கூடிய உறவையும் தரவில்லை. கடலை விட்டு விலகுவதே பாதுகாப்பு என்று கணக்கிட்ட திட்டம், கடலருகே இருப்பதே அவர்களுக்குத் தைரியமாகவும் இருந்தது என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நில அதிர்வு ஏற்பட்டபோது, சென்னையின் கட்டடங்களும் குலுங்க, கரையோர மக்கள் தெருவுக்கு வந்து மேற்கு நோக்கி நகர்ந்தனர். கடலடி நிலத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை; அன்று மாலையே எச்சரிக்கை விலக்கப்பட்டது.