நாமே சமைத்த கணிப்பொறி

"விலைக்குக் கிடைக்கும் யந்திரத்தை ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு நாமே செய்வானேன்?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். இந்தியாவில் உருவான முதல் பெரிய மின்னணுக் கணிப்பொறியின் வரலாற்றை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி அது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

அணுவின் உட்கருவையும் காஸ்மிக் கதிர்களையும் ஆராய்வதற்கென்று ஹோமி பாபா 1945-இல் தோற்றுவித்தது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். இன்று மும்பை என வழங்கும் பம்பாயில் அது அமைந்துள்ளது. இத்தகைய ஆராய்ச்சியில் ஒரு சோதனை முடிந்தால் ஓராயிரம் கணக்குகள் தொடங்கும். கையால் இயக்கும் கணக்குப்பொறிகள் அந்தச் சுமையைத் தாங்கமாட்டா. மின்னணுக் கணிப்பொறி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதை எவ்வாறு பெறுவது என்பதுதான் கேள்வி.

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையம் 1955-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறியை வரவழைத்தது. அது ஒரு வழி. பம்பாய் நிலையம் வேறு வழியைத் தேர்ந்தது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆர். நரசிம்மனின் தலைமையில் ஓர் இளைஞர் குழு இப்பணியில் இறங்கியது. அவர்கள் உடனே பெரிய யந்திரத்தில் கைவைக்கவில்லை. முதலில் ஒரு சிறிய முன்னோடி யந்திரத்தை அமைத்தார்கள். 1956-இல் அது இயங்கியது. அதில் கற்ற பாடங்களைக் கொண்டே பெரிய யந்திரத்தை எழுப்பினார்கள்.

அதன் அளவை நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அதில் ஐந்தாறு வால்வுகள் செந்நிறமாய் ஒளிர்வதைக் கண்டிருப்பார்கள். இந்தக் கணிப்பொறியிலோ 2,700 வால்வுகள்! அவற்றோடு 1,700 ஜெர்மானியம் டயோடுகள்; 12,500 மின்தடைகள். இவை அனைத்தும் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள எஃகுச் சட்டத்தில் அடங்கின. நினைவகத்திலோ, கம்பிகளில் கோத்த நுண்ணிய காந்த வளையங்கள் இருந்தன. ஒரு வளையம் பூஜ்யம் அல்லது ஒன்று என்னும் ஒரே குறியைத்தான் தாங்கும். நாற்பது குறிகள் சேர்ந்தால் ஒரு சொல். மொத்தம் 2,048 சொற்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 81,920 குறிகள்! வால்வுகள் வெப்பத்தைக் கக்குபவை. ஆதலால் ஓயாது குளிர்விக்கவும் வேண்டும்.

1960-இல் யந்திரம் முறைப்படி பணியேற்றது. பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். ஆனால் அதற்குள் மேலைநாடுகளில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. வால்வுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அரும்பாடுபட்டுச் செய்த யந்திரம், பிறந்தபோதே பழையதாகிவிட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளே அது உழைத்தது. 1964-இல் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கக் கணிப்பொறியை அந்நிலையமே விலைக்கு வாங்கியது.

அப்படியானால் முன்பட்ட பாடு வீண்தானா? மாணவரின் கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. யந்திரத்தை மட்டும் பார்த்தால், 'ஆம்' என்று சொல்லத் தோன்றும். நான் யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்களைப் பார்க்கிறேன். ஒரு சுற்று ஏன் பழுதாகிறது, ஒரு கட்டளை எவ்வழியாகச் செல்கிறது, நினைவகம் பெருகினால் வேறு என்னென்ன மாறவேண்டும் என்பவற்றைத் தம் கைகளாலேயே அறிந்தவர்கள் அவர்கள். விலைகொடுத்து வாங்கிய பெட்டியோடு இந்த அறிவு வந்து சேராது. புதிய யந்திரம் வந்தபோது, கணிப்பொறியைத் திறந்து பார்க்க அஞ்சாத ஒரு தலைமுறை அங்கே இருந்தது. பிற ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்ந்தவர்களும் தங்கள் கணக்குகளை அங்கே கொண்டுவந்தனர்.

அந்தத் தொடர்ச்சி அத்துடன் அற்றுவிடவில்லை. அந்நிலையத்திலேயே வேர்விட்ட ஒரு கணிப்பொறி மையம், பின்னர் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாகத் தனித்து வளர்ந்தது. 1986-இல் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களைக் கணிப்பொறிகளால் பிணைக்கும் 'எர்நெட்' திட்டம் தொடங்கியபோது, அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் அம்மையமும் ஒன்று.

எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. 1964-இல் வாங்கியதும் சரியே. ஆனால், ஒருமுறையேனும் செய்து பார்த்தவனுக்கே எதை வாங்குவது, வாங்கியதை எவ்வாறு வளர்ப்பது என்பது விளங்கும். அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான். உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய கருவி ஒன்று பழுதாகிக் கிடந்தால், ஆசிரியரின் அனுமதியோடு அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.