யாதவப்பிரகாசரும் இராமானுசரும்: ஆசிரியர் – மாணாக்கர் முரண் குறித்த ஒரு நோக்கு

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய இலக்கணத்தை நன்னூலின் பொதுப்பாயிரம் விரிவாக வகுக்கிறது. வினவுதலையும் கற்றலின் ஒரு கூறாகவே அது ஏற்கிறது. ஆயின், ஆசிரியர் தரும் விடை மாணாக்கன் மனத்திற்கு ஒவ்வாதபோது இருவரும் செய்யக்கடவது யாது என்பது பற்றி அங்குச் செய்தியில்லை. அவ்வினாவிற்கு விடைதேட வைணவக் குருபரம்பரை நூல்கள் இடந்தருகின்றன.

பதினோராம் நூற்றாண்டில் காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் இராமானுசரும் (பிறப்பு 1017 என்பது மரபு) அவர்தம் சிற்றன்னை மகனார் கோவிந்தரும் வேதாந்தம் பயின்றனர். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவன் கண்களுக்கு உவமையாக வரும் 'கப்யாசம்' என்னும் சொல்லை ஆசிரியர் குரங்கின் பின்புறத்தோடு இயைத்து விளக்கினார். அப்போது அவர்க்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணாக்கரின் கண்ணீர் அவர் தொடைமீது வீழ்ந்தது. காரணம் வினவியபோது, கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் என்றார் இராமானுசர். முரண் முற்றி, காசி யாத்திரையில் அவரைக் கங்கையில் மூழ்கடிக்க ஆசிரியர் எண்ணினார் என்றும், விந்தியக் காட்டில் கோவிந்தர் எச்சரிக்க அவர் தப்பினார் என்றும் மரபு கூறும்.

இச்செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்வதில் தயக்கம் உண்டு. யாதவர் திரும்பியபின் இராமானுசர் மீண்டும் அவரிடமே பாடங்கேட்டார் என்று அம்மரபே கூறுகிறது. கொலைக்கு அஞ்சி ஓடியவர் அதே திண்ணையில் மறுபடியும் சென்று அமர்வாரா? மேலும், யாதவரை அத்வைதியாகவே கதைகள் காட்டுகின்றன. அவரது கொள்கையோ பிரம்மமே உண்மையாக உலகாகப் பரிணமிக்கிறது என்னும் பேதாபேதம்.

இராமானுசரின் சொந்த நூலாகிய வேதார்த்த சங்கிரகம் வேறொரு காட்சியைத் தருகிறது. தாமரை என்னும் பொருள் அதிலும் உண்டு. கண்ணீரும் கங்கையும் இல்லை. சங்கரர், பாஸ்கரர் கொள்கைகளோடு மூன்றாவதாக அவர் மறுப்பது யாதவரின் கொள்கை என உரையாசிரியர்கள் அடையாளம் காட்டுவர். அம்மறுப்பில் வாதம் உண்டேயன்றி வசை இல்லை. யாதவரின் பிரம்மசூத்திர விளக்கம் இன்று கிடைக்கவில்லை. அவர் வேதாந்தத்தை நாம் பெரிதும் அறிவது அவரை மறுத்த மாணாக்கர் மரபின் வழியேதான்.

யாதவர் இறுதியில் தம் மாணாக்கர்க்கே சீடராகி யதிதர்ம சமுச்சயம் இயற்றினார் என்பர். அந்நூல் கிடைத்துள்ளது, 1995இல் பேட்ரிக் ஒலிவெல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். முக்கோல் ஏந்தும் துறவியர்க்குரிய நூலாதலின், இச்செய்தியை வெறுங்கற்பனை என ஒதுக்குதல் எளிதன்று.

கோவிந்தரின் நிலையே இதனினும் நுட்பமானது எனத் தோன்றுகிறது. தமையனாரைக் காத்த அவர் ஆசிரியரைப் பிரியாது காசி வரை சென்றார். கங்கையில் நீராடுகையில் கையில் ஒரு இலிங்கம் கிட்டச் சைவராகித் திருக்காளத்தியில் தங்கினார். வரதய்யபாளையம் உள்ளிட்ட இன்றைய திருப்பதி மாவட்டத்தில் அடங்குவது அவ்வூர். அவரை மீட்க வந்த பெரிய திருமலை நம்பி முதலில் வாதிட்டும் பயனில்லை. பின்னர், கோவிந்தர் மரமேறிப் பூப்பறிக்கும் வேளையில் அதனருகே அமர்ந்து தம் சீடர்க்குத் திருவாய்மொழிப் பாசுரம் ஒன்றற்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தார். கேட்டவர் தாமே இறங்கிவந்து நம்பியின் அடி பணிந்தார். எம்பார் எனப் பிற்காலத்தே போற்றப்பெற்ற அவரே பராசர பட்டரின் ஆசிரியர்.