ஹோஸ்ட் இஸ் டவுன்: உயிரோட இருந்த ஒரு பெட்டியின் கதை

இன்னைக்குக் கதை எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில ஆரம்பிக்குது. அங்க ஒரு பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி இருந்துச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு பச்சை லைட். 2010 வாக்கில அப்பா வாங்கினது. குடும்ப ஃபோட்டோ மொத்தமும் அதுலதான்.

2018-ல நான் காலேஜ் படிச்சிட்டிருந்தேன். பாட்டி இறந்த மூணாவது நாள், படத்துக்கு ஃப்ரேம் போடணும், நல்ல ஃபோட்டோ ஒண்ணு எடுத்துக் குடுடான்னு அப்பா கேட்டார். முந்தின வாரம்தான் லேப்டாப்பை உபுண்டு 18.04-க்கு மாத்தியிருந்தேன். டெர்மினல்ல வழக்கமான மவுண்ட் கமாண்ட் போட்டேன். வந்த பதில்: மவுண்ட் எரர் 112, ஹோஸ்ட் இஸ் டவுன்.

பெட்டி செத்துப்போச்சுங்குது. ஆனா பச்சை லைட் எரியுது. பிங் பண்ணினா உடனே பதில் வருது. அண்ணனோட பழைய விண்டோஸ் 7 லேப்டாப்ல கிளிக் பண்ணினா ஃபோல்டர் திறக்குது. அப்போ பொய் சொல்றது யாரு?

இதுக்குப் பதில் தேட 1980-களுக்குப் போகணும். ஐபிஎம்-ல பாரி ஃபைகன்பாம்னு ஒரு பொறியாளர். டாஸ் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் 'இந்த ஃபைலைத் திற'ன்னு கேட்டா, அந்தக் கேள்வியை அப்படியே கேபிள் வழியா இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புற ஒரு முறையை உருவாக்கினார். அதான் எஸ்எம்பி. அலுவலகத்துக்குள்ள, பக்கத்துப் பக்கத்து மேஜைக்காகப் போட்ட ஏற்பாடு. பின்னாடி மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து, மேல மேல சேர்த்துக்கிட்டே போச்சு.

சரி, இது லினக்ஸுக்கு எப்படி வந்தது? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1991 டிசம்பர், கான்பெரா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர். அவரோட டாஸ் பிசியில டெக் கம்பெனியோட பாத்வொர்க்ஸ் மென்பொருள் இருந்தது. அது டெக் சர்வர்களோடதான் பேசும். அவருக்கு வேண்டிய ஃபைல்களோ வேற கம்பெனியோட யூனிக்ஸ் மெஷின்ல. யார்கிட்டயும் அவர் கேட்டுக்கிட்டிருக்கல. கேபிள்ல போற பாக்கெட்டுகளைப் பிடிச்சுக் காட்டுற ஒரு புரோகிராம் எழுதினார். இந்தப் பக்கம் என்ன கேட்டா அந்தப் பக்கம் என்ன வருதுன்னு உட்கார்ந்து பார்த்தே தன்னோட சர்வரை எழுதி முடிச்சார். தான் காப்பியடிக்கிற அந்தப் பேச்சுக்கு எஸ்எம்பின்னு ஒரு பேர் இருக்குங்கிறதே அப்போ அவருக்குத் தெரியாது!

பின்னாடி அவர் இதுக்கு ஒரு உவமை சொன்னார். பிரெஞ்சு தெரியாம பிரான்ஸ்ல ஒரு காஃபி கடையில உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்து மேஜைக்காரர் என்ன சொல்றார், சர்வர் என்ன கொண்டு வர்றார்னு கவனிச்சுக் கவனிச்சே மொழியைப் பிடிக்கிறீங்க. (அந்த சர்வர் தட்டு தூக்குற சர்வர்ங்க.)

முதல்ல வெச்ச பேருக்கு இன்னொரு கம்பெனியோட டிரேட்மார்க் சிக்கல் வந்தது. யூனிக்ஸ்ல இருக்கிற அகராதி ஃபைல்ல எஸ், எம், பி மூணும் இந்த வரிசையில வர்ற வார்த்தைகளைத் தேடினார். சால்மன்பெர்ரியும் வந்தது, சாம்பாவும் வந்தது. நல்லவேளை.

அதிகாரபூர்வ ஆவணத்துக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. 2004-ல ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் போட்டு, அடுத்தவங்க சர்வரும் சேர்ந்து இயங்கத் தேவையான விவரங்களைக் குடுன்னு சொன்னது. 2007 டிசம்பர்ல, ஒரே தடவை 10,000 யூரோ கட்டி, சாம்பா குழுவுக்கு அந்த ஆவணங்கள் கிடைச்சது. ஒட்டுக்கேட்டு எழுத ஆரம்பிச்சு 16 வருஷம் கழிச்சு!

இப்போ எங்க வீட்டுக்கு வர்றேன். அந்தப் பெட்டி ரொம்ப நாளாவே கண்ணாமூச்சி ஆடிக்கிட்டிருந்தது. காலையில நெட்வொர்க் லிஸ்ட்ல தெரியும், சாயங்காலம் காணோம். காரணம் பழைய எஸ்எம்பி காலத்து ஏற்பாடு. நெட்வொர்க்ல இருக்கிற கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள்ள தேர்தல் நடத்தி, ஜெயிச்சவர் கையில லிஸ்ட்டைக் குடுக்கும். அந்தத் தலைவரை யாராவது ஷட் டவுன் பண்ணிட்டா மறுபடி தேர்தல். மூணு கம்ப்யூட்டர் இருந்த எங்க வீட்ல தினமும் இடைத்தேர்தல்தான். பேரால தேடாம ஐபி அட்ரஸை நேரா அடிச்சா இந்தத் தொல்லை இல்லை. நான் அப்படித்தான் சமாளிச்சேன்.

112 வேற ரகம். 2017 மே 12. வான்னாக்ரை. விண்டோஸோட எஸ்எம்பி முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியா கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவி, பிரிட்டன்ல மருத்துவமனைகளையே முடக்கிப் போட்டது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்தாச்சு. அந்தப் பழைய பதிப்பையே நிறுத்துங்கன்னு மைக்ரோசாஃப்ட் 2016-லயே கெஞ்சிக்கிட்டிருந்தது. அதே 2017 செப்டம்பர்ல வந்த லினக்ஸ் கெர்னல் 4.13-ல, மவுண்ட் பண்ணும்போது தானா முதல் பதிப்பில பேசுற வழக்கத்தை எடுத்துட்டாங்க.

என் புது உபுண்டு புதுப் பேச்சுல வணக்கம் சொல்லுது. எங்க பெட்டிக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். புரியாததால அது இணைப்பையே துண்டிச்சுடுது. கெர்னல் அதைப் பார்த்துட்டு, ஆள் இல்லைன்னு எழுதிடுது. வேடிக்கை என்னன்னா, பெட்டிக்குள்ள ஓடினதும் லினக்ஸ்தான், பழைய சாம்பாதான். உண்மையான காரணம் கெர்னல் லாக்ல தெளிவா இருந்தது: டீஃபால்ட் மாறிடுச்சு, பழசு வேணும்னா வெர்ஸ் ஈக்வல்ஸ் 1.0 குடுங்கன்னு. டிமெசெக் அடிச்சுப் பார்க்க எனக்கு நாலு மணி நேரம் தோணல. அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லியும் தொலைச்சுட்டேன். அவர் ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டார். இதுக்கு மட்டும் அந்த எரர் மெசேஜ் எழுதினவங்களை நான் இன்னும் மன்னிக்கல.

வெர்ஸ் 1.0 போட்டேன். திறந்தது. ஆனா அந்த வரியை அப்படியே நிரந்தரமா விட்டுவைக்க மனசு வரல. அதனால அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் ஒரு புது டிஸ்க்குக்கு ஆர்சிங்க்ல காப்பி பண்ணினேன். ஆர்சிங்க்கும் ட்ரிட்ஜெல், இன்னொருத்தரோட சேர்ந்து 1996-ல எழுதினதுதான். விடிகாலை நாலரைக்கு முடிஞ்சது.

பாட்டி திண்ணையில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டே யாரையோ திட்டுற ஃபோட்டோ ஒண்ணு கிடைச்சது. அப்பா அதைத்தான் ஃப்ரேம் போட்டார். பெட்டி இப்பவும் டிவிக்கு அடியிலதான் இருக்கு, வயர் இல்லாம. ரிமோட் வெக்கிற இடம்.