லாட்டரி சீட்டில் போட்ட ரோடு

ஐஸ்லாந்துக்குப் போகிற டூரிஸ்ட்டுகள் பெரும்பாலும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ரோடு நம்பர் 1-ல் ஏறுவார்கள். இடது கைப் பக்கம் பனிமலை, வலது கைப் பக்கம் அட்லாண்டிக். வழியெல்லாம் அருவி. தென்கிழக்கில் ஹோப்ன் என்று ஒரு மீன்பிடி ஊர், வடக்கே ஆகுரேய்ரி என்று சுமார் இருபதாயிரம் பேர் வசிக்கிற குட்டி நகரம். தீவைச் சுற்றி 1,322 கிலோமீட்டர் ஓட்டினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

இந்த வட்டம் முழுசானது எப்போது தெரியுமா? 1974-ல்தான்! மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பி ஐந்து வருஷம் கழித்து.

ஐஸ்லாந்துக்கு முதல் கார் வந்தது 1904-ல். தாம்சன் என்ற வியாபாரி, அரசாங்க மானியத்தோடு இறக்குமதி செய்த ஜெர்மன் வண்டி. ஓட்ட ரோடு வேண்டுமே? அங்கே அப்போது குதிரைதான் எல்லாம். 1940-ல் பிரிட்டிஷ் ராணுவமும், அடுத்த வருஷம் அமெரிக்க ராணுவமும் வந்து இறங்கின. ஜீப்புகளும் வந்தன. அப்புறம் ரோடு வேலை சூடு பிடித்தது. மேற்கு, வடக்கு, கிழக்கு என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வந்தவர்கள், தெற்கில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்கள்.

ஸ்கேய்தரார்சாந்துர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, கடப்பது அதைவிடக் கஷ்டம். வாட்னாயோகுல் என்ற மாபெரும் பனிப்போர்வைக்கும் கடலுக்கும் நடுவே விரிந்து கிடக்கிற கறுப்பு மணல்வெளி. அதில் பனி உருகி வருகிற ஆறுகள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று இஷ்டத்துக்கு இடம் மாறும். போதாக்குறைக்கு, பனிக்கு அடியில் எரிமலைகள். உள்ளே சூடு ஏறினால் பனி உருகி, தேங்கி, ஒருநாள் பிய்த்துக்கொண்டு வரும். இந்த வகை வெள்ளத்துக்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் ‘யோகுல்லாப்’. பனிப்பாறையின் ஓட்டம் என்று அர்த்தம். உலக விஞ்ஞானிகளும் அந்த வார்த்தையையே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மணல்வெளிக்குக் கிழக்கே இருக்கிற பகுதியின் பெயர் ஓரைவி. 1362-ல் ஓர் எரிமலை வெடித்து அந்த வட்டாரத்தையே அழித்தது. அதற்குப் பிறகு வந்த பெயர் அது. பாழ்நிலம் என்று பொருள். மறுபடி அங்கே குடியேறிய விவசாயிகள் பல நூறு வருஷம் மேற்கே போக வேண்டுமென்றால், வெள்ளத்தில் இறங்கப் பழகிய குதிரைமேல் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். 1970 வாக்கில்கூட, ஹோப்ன்காரர் காரில் தலைநகர் போக, வடக்கே தீவையே சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இன்று அதே பயணம் சுமார் 460 கிலோமீட்டர். அன்றைக்கு அதைப்போல இரண்டு மடங்கு!

முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு, மூன்று பெரிய பாலங்கள் தேவை. நாட்டின் மொத்த ஜனத்தொகையோ இரண்டு லட்சத்துச் சொச்சம். பணத்துக்கு எங்கே போவது?

அரசாங்கம் ஒரு கடன் பத்திரம் வெளியிட்டது. வாங்கியவருக்கு அசல் திரும்ப வந்துவிடும். ஆனால் வட்டியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்காமல், மொத்தமாகச் சேர்த்துக் குலுக்கலில் பரிசாகக் கொடுப்பார்கள். பாதி சேமிப்பு, பாதி லாட்டரி. பி.காம் படித்தபோது பத்திர வகைகள் என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். இப்படி ஒரு சுவாரஸ்யமான ஐட்டத்தை யாருமே சொல்லித் தரவில்லை! லாட்டரியில் எல்லோரும் தோற்க, ஒருவர் ஜெயிப்பார். இங்கே தோற்றவருக்கும் போட்ட காசு திரும்பி வந்தது, கூடவே ஒரு ரோடும் கிடைத்தது.

1972-ல் வேலை ஆரம்பம். 1974 ஜூலை 14-ல் திறப்பு விழா. தீவில் மனிதர்கள் குடியேறிய 1,100-வது ஆண்டுக் கொண்டாட்டமும் அதே வருஷம். ஸ்கேய்தரா ஆற்றின் மேல் போட்ட பாலம் சுமார் 900 மீட்டர். நாட்டிலேயே நீளமானது.

1934, 1938 என்று பெருவெள்ளங்களைப் பார்த்த ஊர். ஆகவே பாலம் என்றைக்கும் நிற்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 22 வருஷம் நின்றது.

1996 செப்டம்பர் கடைசியில் பனிக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீர் க்ரிம்ஸ்வோட்ன் என்ற ஏரியில் போய்ச் சேர ஆரம்பித்தது. இது உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். என்றைக்கு என்றுதான் தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் நாடே காத்திருந்தது. நவம்பர் 5 காலையில் உடைந்தது. ராத்திரிக்குள் வினாடிக்கு 45,000 கனமீட்டர் அளவுக்குத் தண்ணீர். வீடு வீடாக மிதந்து வந்த பனிக்கட்டிகள். ஒரு பாலம் அடியோடு போயிற்று. நீளமான பாலத்தில் 176 மீட்டரைக் காணோம். ரோடு பல கிலோமீட்டருக்குத் துடைத்துவிட்டது போல ஆனது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முன்னாடியே போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் தற்காலிகமாக வழி போட்டு வண்டியும் விட்டார்கள்.

இந்த ஆட்களுக்கு ரோட்டை இழப்பதில் தயக்கமே கிடையாது. 2010-ல் விமானங்களையெல்லாம் முடக்கிப்போட்டதே ஓர் எரிமலை, அப்போது வெள்ளம் வருகிறது என்றதும் பாலத்தைக் காப்பாற்ற, பக்கத்து ரோட்டைத் தாங்களே வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டார்கள். 2011 ஜூலையில் இன்னொரு பாலம் அடித்துக்கொண்டு போனது. ஒரே வாரத்தில் தற்காலிகப் பாலம்!

கணக்கிலும் கெட்டி. 1998-ல் கடலுக்கு அடியில் 5.77 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். கட்டியது தனியார் கம்பெனி. டோல் வசூலித்தார்கள், கடன் அடைந்தது, 2018 செப்டம்பரில் டோலை எடுத்துவிட்டு சுரங்கத்தை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மண் ரோடாக மிச்சமிருந்த கடைசித் துண்டுக்குத் தார் போட்டது 2019-ல்.

அந்த நீளப் பாலம்? 1996-ல் போன பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். பனிப்பாறை பின்வாங்கிக்கொண்டே போனதில், 2009-ல் ஆறு தடம் மாறி மேற்கே இன்னோர் ஆற்றோடு கலந்துவிட்டது. நாட்டின் மிக நீளமான பாலம் கிட்டத்தட்ட வெறும் மணலுக்கு மேல் நின்றது. 2017-ல் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று கட்டி வண்டிகளை அதில் திருப்பிவிட்டார்கள். 1996 வெள்ளம் முறுக்கிப் போட்ட இரும்பு உத்தரங்கள் இரண்டு மட்டும் ரோட்டோரம் நிற்கின்றன. டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.