தோற்றவர் கோபம் நாட்டுக்குக் காவலே!

 

'ஆட்சி மாறியதும் தோற்றவருக்கு வருகிற கோபம் நாட்டுக்குக் காவலா, கேடா?' இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தார். கேடுதான் என்றார். 'தேர்தல் முடிஞ்சு போச்சு. தோத்தவன் வாயை மூடிக்கிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதானே? புது அரசாங்கம் எதைச் செஞ்சாலும் தப்பு, பத்திரிகை எதை எழுதினாலும் பொய்னு எதுக்குப் புலம்பணும்?' என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

ஐயா, வாயை மூடிக்கிட்டு இருக்கிற தோற்றவன் எந்த வீட்டிலே இருக்கான்? மருமகள் வந்ததும் அடுப்படி ஆட்சி கை மாறுது. மாமியார் சும்மாவா இருக்காங்க? 'எண்ணெயை இப்படி வாரிக் கொட்டுறாளே!' என்கிறாங்க. (சிரிப்பு) அந்தப் புலம்பலிலே பாதி வயிற்றெரிச்சல். ஒத்துக்கிறேன். ஆனா மீதிப் பாதி உண்மை. அந்த உண்மைப் பாதியைக் காதிலே வாங்குகிற வீட்டிலே மாசக் கடைசியிலே கடன் வாங்க வேண்டியிருக்காது. அவ்வளவுதான் என் கட்சி.

இதற்குச் சாட்சி தேடி நான் அமெரிக்காவுக்குப் போகிறேன். பழமைவாதிகள் என்று அங்கே ஒரு கூட்டம் உண்டு. அரசாங்கம் சின்னதா இருக்கணும், வரி குறைவா இருக்கணும், பழைய நெறிமுறைகளை அவசரப்பட்டு மாற்றக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. அவர்களுக்குப் பிடிக்காத ஆட்சி வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1933 மார்ச் 4. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவி ஏற்கிறார். நாடு கிடந்த கிடையைப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒருவருக்கு வேலை இல்லை. பல மாநிலங்களில் வங்கிகள் மூடிக் கிடக்கின்றன. மார்ச் 12 இரவு வானொலியில் ரூஸ்வெல்ட் பேசுகிறார். வங்கி என்றால் என்ன, நீங்கள் போட்ட பணம் எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் திண்ணையிலே உட்கார்ந்து பேசுவது போலப் பேசுகிறார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. எடுத்துக்கொண்டு ஓடிய பணத்தை ஜனங்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். பேச்சுக்கு இருக்கிற வலிமை அது!

அதுவரைக்கும் சரி. ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு உத்தரவு வந்தது. தாய்மார்கள் கவனமாகக் கேட்கணும். வீட்டிலே வைத்திருக்கிற தங்க நாணயம், தங்கக் கட்டி எல்லாவற்றையும் மே 1ஆம் தேதிக்குள் வங்கியிலே ஒப்படைக்கணும்! (சலசலப்பு) பயப்படாதீங்க, நகைக்கு விலக்கு உண்டு. ஆளுக்கு 100 டாலர் மதிப்புக்குத் தங்கம் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரு அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். வாங்கி முடித்து, 1934 ஜனவரியிலே ஒரு சட்டம் வந்தது. தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 டாலர் ஆனது! கொடுத்தவன் வயிறு எரியுமா, எரியாதா?

அடுத்தது விவசாயம். விளைபொருளுக்கு விலை இல்லை. விளைச்சல் குறைந்தால்தான் விலை ஏறும் என்று அரசு கணக்குப் போட்டது. சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை நிலத்தோடு உழுதுவிடச் சொன்னார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை விலைக்கு வாங்கிக் கொன்றார்கள். அதிலே ஒரு பகுதிதான் ஏழைகளுக்கு உணவாகப் போனது. நகரத்திலே ஒருவன் கஞ்சிக்கு வரிசையிலே நிற்கிறான். கிராமத்திலே உணவை அழிக்கிறார்கள். இதைப் பார்த்துக் கோபப்பட்டவனைக் கேடு என்பீர்களா நண்பரே?

அந்தக் கோபத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. அன்றைக்குப் பத்திரிகை முதலாளிகளிலே பெரும்பாலோர் பழமைவாதிகள் பக்கம். 'சிகாகோ டிரிப்யூன்' நடத்திய மெக்கார்மிக் ரூஸ்வெல்ட்டை வறுத்தெடுத்தார். 1932இல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்த ஹெர்ஸ்ட் சில வருஷத்திலேயே எதிர்ப்பக்கம் தாவினார். ஆனால் ரூஸ்வெல்ட் பத்திரிகையைத் தாண்டி வானொலி வழியாக நேரே வீட்டு வரவேற்பறைக்கே போய்விட்டார். வானொலி நிலையத்துக்கு உரிமம் கொடுப்பது அரசாங்கம். அது எப்படி அரசாங்கத்தைக் குறை சொல்லும் என்று இவர்கள் பொருமினார்கள். ஆக, ஊடகம் அநியாயம் செய்கிறது என்ற குறை நேற்று முளைத்ததில்லை. பாட்டன் காலத்துக் குறை அது.

சரி, கோபப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. என் வழக்கே இந்த இரண்டிலேதான் இருக்கிறது.

முதலாவது. 1934 ஆகஸ்டில் அமெரிக்க சுதந்திரக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பணம் கொடுத்தவர்களிலே முக்கியமானது டூபாண்ட் என்ற கோடீஸ்வரக் குடும்பம். 1936 ஜனவரி 25 அன்று வாஷிங்டனிலே மேஃப்ளவர் ஹோட்டலில் பெரிய விருந்து. சுமார் இரண்டாயிரம் பேர். 1928இல் ரூஸ்வெல்ட்டின் கட்சிக்கே வேட்பாளராக நின்ற ஆல் ஸ்மித் அங்கே எழுந்து ரூஸ்வெல்ட்டைக் கிழி கிழி என்று கிழித்தார். மண்டபம் அதிர்ந்தது. ஆனா கைதட்டினது யாரு? பட்டுக் கை, வைர மோதிரக் கை! வேலை இல்லாதவன் அதை வெளியிலே இருந்து பார்த்தான். 'இவங்க எல்லாம் திட்டுறாங்கன்னா, அந்த ஆளு நமக்கு ஏதோ நல்லது செய்யுறான்' என்று முடிவு கட்டினான். (சிரிப்பு, கைதட்டல்)

அதே வருஷம் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பினார்கள். 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. கூட்டிப் பார்த்தார்கள்: பழமைவாதிகளின் வேட்பாளர் லாண்டனுக்கே வெற்றி! முகவரி எங்கே எடுத்தார்கள் தெரியுமா? தொலைபேசிப் புத்தகத்திலே, கார் வைத்திருப்பவர் பட்டியலிலே. 1936இலே யார் வீட்டிலே போன் இருக்கும், யார் வீட்டிலே கார் இருக்கும்? 48 மாநிலத்திலே 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. லாண்டன் தன் சொந்த மாநிலமான கான்சாஸிலேயே தோற்றார். இரண்டு வருஷத்திலே அந்தப் பத்திரிகையும் முடிந்துபோனது. தன் கூட்டத்தின் குரலையே ஊர்க்குரல் என்று நினைத்தால் இதுதான் கதி.

'பாத்தீங்களா, கோபம் கேடுதான்' என்று எதிரணியிலே சிரிக்கிறார்கள். பொறுங்கள். இரண்டாவது காரியத்துக்கு வருகிறேன்.

46 மாநிலம் ஜெயித்தவருக்கு என்ன ஆகும்? தலை கொஞ்சம் கனக்கும். அவர் கொண்டுவந்த முக்கியச் சட்டங்கள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. 1935இல் புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்கள் வழக்கிலே ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். கோழிக்கடைக்காரன் ஜெயித்தான், ஜனாதிபதி தோற்றார்! ரூஸ்வெல்ட் மனசிலே அது முள்ளாகக் கிடந்தது. 1937 பிப்ரவரி 5 அன்று ஒரு திட்டம் அறிவித்தார். எழுபது வயது தாண்டியும் ஓய்வு பெறாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் கூட ஒரு புது நீதிபதியை நியமிக்கலாம். ஆறு பேர் வரைக்கும். ஒன்பது பேர் இருக்கிற மன்றத்தைப் பதினைந்தாக்கலாம். நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பு பிடிக்கவில்லை என்று உங்கள் பக்கத்திலே இன்னும் ஆறு நடுவரை நான் கொண்டுவந்து உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? (பலத்த சிரிப்பு)

அப்போது எதிர்க்கட்சி இருந்த நிலை என்ன? 96 பேர் கொண்ட செனட் சபையிலே குடியரசுக் கட்சிக்கு 20 பேர்கூட இல்லை. எதிரணித் தலைவர் சொன்னபடி அவர்கள் 'நாம தோத்துட்டோம்' என்று வீட்டிலே இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைத் தடுக்க யார் இருந்திருப்பார்கள்? அவர்கள் போகவில்லை. ஆனால் இந்த முறை மேஃப்ளவர் விருந்து வைக்கவில்லை. தாங்கள் முன்னால் நின்றால் கட்சிச் சண்டையாகிவிடும் என்று தெரிந்து கொஞ்சம் பின்னால் நின்றார்கள். ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சிக்காரர், அவர் ஜனாதிபதியாகணும் என்று முதலிலேயே குரல் கொடுத்தவர்களில் ஒருவர், மொன்டானா மாநிலத்து செனட்டர் பர்ட்டன் வீலர். எதிர்ப்புக்கு அவர் தலைமை தாங்கினார். பத்திரிகைகளும் இந்த ஒரு விஷயத்திலே ஊர் மனசோடு ஒத்துப்போயின. 1937 ஜூலை 22. செனட்டிலே 70க்கு 20 என்ற கணக்கிலே அந்த மசோதா குழுவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. செத்தது திட்டம். பிழைத்தது நீதிமன்றம்!

அதே கோபம்தான். 1936இலே தன் விருந்து மண்டபத்துக்குள்ளே பேசினது, தோற்றது. 1937இலே அடுத்த வீட்டுக்காரனுக்கும் புரிகிற நியாயத்தைப் பேசினது, ஜெயித்தது. 1938 தேர்தலிலே பழமைவாதிகளின் கட்சிக்குக் கீழ்ச்சபையிலே சுமார் 80 இடம் கூடுதலாகக் கிடைத்தது.

காலம் உருண்டது. வானொலியின் இடத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. 1969 நவம்பரில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ, விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர்தான் நாடு முழுக்க எந்தச் செய்தியைப் பார்க்கணும் என்று தீர்மானிக்கிறார்கள் என்று ஆவேசப்பட்டார். பழமைவாதிகள் வீட்டிலெல்லாம் தலையாட்டினார்கள். ஒளிபரப்பிலே இரண்டு தரப்புக்கும் இடம் தரணும் என்று 1949 முதல் ஒரு விதி இருந்தது. 1987இலே அதை எடுத்துவிட்டார்கள். மறுவருஷம் ரஷ் லிம்பா என்பவரின் வானொலிப் பேச்சு நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. 1996இலே ஃபாக்ஸ் செய்தித் தொலைக்காட்சி வந்தது. ஊடகம் நம்மை மதிக்கவில்லை என்று குறைப்பட்டவர்கள் தாங்களே ஒரு ஊடகம் கட்டிக்கொண்டார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன்.

2009 ஜனவரியிலே ஒபாமா வந்தார். அவர் பேச்சிலே பத்திரிகை உலகமே மயங்கிக் கிடக்கிறது என்று இவர்களுக்கு எரிச்சல். பிப்ரவரி 17 அன்று 78,700 கோடி டாலர் செலவுச் சட்டம். கீழ்ச்சபையிலே எதிர்க்கட்சியிலே ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, சிகாகோ வணிகச் சந்தையின் தளத்திலிருந்து ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் கத்தினார்: கட்ட முடியாத வீட்டுக்கடனை வாங்கினவனுக்காக ஒழுங்காகக் கட்டுகிறவன் ஏன் பணம் கொடுக்கணும்? அந்த ஒரு கேள்வி டீ பார்ட்டி இயக்கத்துக்குத் தீ மூட்டியது. டீயும் வடையும் கொடுக்கிற பார்ட்டி இல்லை ஐயா! 1773இலே வரி பொறுக்காமல் பாஸ்டன் துறைமுகத்திலே தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதன் நினைவாக வைத்த பெயர். ஒழுங்காகக் கடன் கட்டுகிறவன் எந்தக் கட்சியிலும் இருப்பான். அதனாலே அந்தக் கேள்வி வெளியே போய் எடுபட்டது. 2010 தேர்தலிலே கீழ்ச்சபையிலே 63 இடம் கூடுதலாகக் கிடைத்தது.

2012இலே என்ன ஆச்சு? பழைய கருத்துக்கணிப்புக் கதை திரும்ப வந்தது. மற்றவர்கள் கணிப்பெல்லாம் பொய், நாமே ஜெயிக்கிறோம் என்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். நவம்பர் 6 இரவு, ஓஹையோ மாநிலம் ஒபாமாவுக்கே என்று அவர்களுடைய ஃபாக்ஸ் தொலைக்காட்சியே சொன்னது. அங்கே உட்கார்ந்திருந்த கார்ல் ரோவ் நம்ப மறுத்தார். நிகழ்ச்சி நடத்திய மெகின் கெல்லி எழுந்து, கணக்குப் போடுகிறவர்கள் அறைக்கே நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். கணக்கு மாறவில்லை.

எதிரணி நண்பர் 2021 ஜனவரி 6ஐக் கையிலே எடுப்பார். எடுக்கட்டும். தேர்தல் முடிவையே ஏற்காமல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டது எது? வாக்கு எந்திரத்திலே மோசடி என்று ஒளிபரப்பான பேச்சு. எந்திரம் செய்த டொமினியன் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்தக் குற்றச்சாட்டுகள் பொய் என்று நீதிபதி சொன்னார். 2023 ஏப்ரலிலே ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. கேட்கிறவனுக்குப் பிடித்ததையே சொன்னால் வருகிற பில் அது.

ஆகவே, நடுவர் அவர்களே, கோபத்துக்கு நான் ஒரு வேலி போடுகிறேன். எண்ணி முடித்த ஓட்டை ஒத்துக்கணும். தனக்குப் பிடித்த செய்தியை மட்டும் கேட்கக்கூடாது. பிறத்தியானுக்கும் புரிகிற நியாயத்தைச் சொல்லணும். இந்த வேலிக்குள்ளே நிற்கிற கோபத்தைக் கேடு என்று சொல்லாதீர்கள். காது கசக்கிற சொல்லைப் பொறுக்கத் தெரிந்தவனே அரசன் என்று நம்ம வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். அந்தக் கசப்பான சொல்லைச் சொல்ல ஒருவன் வேணுமே! ஜெயித்தவன் பக்கத்திலே இருக்கிறவன் சொல்ல மாட்டான். அவனுக்குப் பதவி வேணும். தோற்றவன்தான் சொல்லணும்.

1937இலே 20 பேருக்கும் குறைவானவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். அவர்களை மனசிலே வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். தீர்ப்பு எனக்கு எதிராகப் போனால் நான் புலம்புவேன், அது என் உரிமை. (சிரிப்பு) ஆனால் இன்னும் ஆறு நடுவரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன்.

 (பலத்த கைதட்டல்)